‘குழந்தைகளுக்கானது அல்ல’ என்று குறித்துவிட்டால் போதுமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில், தமிழாசிரியரும் நகைச்சுவை நாடக எழுத்தாளருமான ஒருவர் ஆற்றிய உரை)



இந்த நிகழ்ச்சிக்கு என்னை அழைத்த தயாரிப்பாளர், “சார், நீங்கள் ஆசிரியர் தரப்பிலிருந்து பேசுங்கள். காணொளி தயாரிப்பவர்கள் தரப்பில் வேறொருவரை அழைத்திருக்கிறோம்” என்றார். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் யோசித்தேன், நான் இரண்டு தரப்பிலும் இருக்கிறேனே என்று. வார இறுதிகளில் துணைப்பாட வகுப்பில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். மற்ற நாள்களில் இரவு நேரத்தில் நாடகம் எழுதுகிறேன். சமூக மன்ற மேடைகளுக்கு இருபது ஆண்டுகளாக எழுதியவன், கடந்த சில ஆண்டுகளாக என் அக்காள் மகனின் யூடியூப் சேனலுக்கும் எழுதி வருகிறேன். ஆகவே இன்று மற்றவர்களைக் குறைகூறுவதற்கு முன்னால், என் மீதே எனக்கு இருக்கும் புகாரைச் சொல்லிவிடுகிறேன்.

2023ஆம் ஆண்டில் நடந்தது இது. அக்காள் மகனுக்கு அப்போது 26 வயது. அவனும் அவன் நண்பர்கள் மூவரும் சேர்ந்துதான் அந்தச் சேனலை நடத்துகிறார்கள். உட்லண்ட்ஸில் உள்ள அவன் வீட்டு வரவேற்பறைதான் படப்பிடிப்புத் தளம். சோபாவைச் சுவரோரம் தள்ளி, சாப்பாட்டு மேசை விளக்கைத் திருப்பி வைத்தால் தளம் தயார். கதைகள் எல்லாம் நம் வீட்டுக் கதைகள். தீபாவளிச் சமயத்தில் தேக்காவில் கார் நிறுத்த இடம் தேடி மூன்று சுற்றுச் சுற்றும் அப்பா. மகனின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு முடிவைச் சொந்தக்காரர்களிடம் சொல்லாமல் மழுப்பும் அம்மா. பெண் பார்க்க வந்த இடத்தில் மின்தூக்கியில் மாட்டிக்கொண்ட மாப்பிள்ளை வீட்டார். இவற்றைப் பெரியவர்களும் பார்த்தார்கள், பிள்ளைகளும் பார்த்தார்கள். சாலையில் சிறுவர்கள் அவனை அடையாளம் கண்டு கையசைப்பதை அவனே பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.

ஒரு நாள், “மாமா, கொஞ்சம் காரமாக ஒன்று எழுதுங்களேன்” என்றான். எழுதினேன். புதுமணத் தம்பதி, பக்கத்து வீட்டுக்காரர், ஒரு பழக்கூடை. இரட்டை அர்த்தம் எப்படிப்பட்டது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம், இந்த மேடையில் சொல்ல மாட்டேன். காணொளியின் தொடக்கத்தில் சிவப்பு எழுத்தில் ‘18 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும்’ என்று மூன்று வினாடி போட்டோம். பின்னணியில் ஒரு மேளச் சத்தம். எச்சரிக்கைக்காகப் போட்டோம் என்று சொன்னால் அது பொய். ஆட்களை உள்ளே இழுக்கத்தான் போட்டோம்.

உண்மையான வயதுக் கட்டுப்பாடு என்று ஒன்று அந்தத் தளத்தில் இருக்கிறது. காணொளியைப் பதிவேற்றும்போதே அதைத் தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுத்தால், கணக்கில் நுழைந்து 18 வயது ஆகிவிட்டதாகக் காட்டுபவர்களால் மட்டுமே அதைப் பார்க்க முடியும். அதை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. “அதைப் போட்டால் பாதிப் பேருக்குப் போய்ச் சேராது மாமா, விளம்பரமும் குறைஞ்சிடும்” என்றான். நானும் தலையாட்டினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. தொடக்கநிலை 4 வகுப்பு, ஒன்பது பிள்ளைகள். வாய்மொழித் தேர்வுக்காக உரையாடல் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. தலைப்பு, கடையில் பழம் வாங்குவது. ஒரு பையன் தன் முறை வந்ததும், எதிரே நின்ற சிறுமியைப் பார்த்து, நான் எழுதிய அந்த வசனத்தை, ஏற்ற இறக்கம்கூடப் பிசகாமல் அப்படியே சொன்னான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததால் மற்றவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிறுமிக்கு அர்த்தம் புரிந்திருக்காது. ஆனால் சிரிப்பு தன்னைப் பற்றியது என்பது புரிந்துவிட்டது. உட்கார்ந்து தன் பென்சில் பெட்டியை மூடினாள். வகுப்பு முடியும்வரை அதைத் திறக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் பையனை நிறுத்தி, “இதை எங்கே கத்துக்கிட்ட?” என்று கேட்டேன். அவன் என்னை வியப்போடு பார்த்தான். “சார், நீங்க எழுதுனதுதானே? கடைசியில உங்க பேர் வருதே. அப்பாதான் காட்டுனாரு, ‘இது உங்க சார்டா’ன்னு.”

“அதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா?”

“சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க சார்.”

நேயர்களே, அந்த வார இறுதி முழுவதும் எனக்கு நானே வழக்கறிஞர் வைத்துக்கொண்டு வாதாடினேன். பிள்ளைக்குக் காட்டியது அவன் அப்பா, நான் இல்லை. திரையில் 18 என்று எழுதியிருந்தோம். நாங்கள் குழந்தைகளுக்காகத் தயாரிக்கவே இல்லை. இந்த மூன்று வாதங்களையும் இந்தத் துறையில் உள்ள எல்லாரும் சொல்கிறார்கள், நானும் சொன்னேன். கொஞ்சம் துருவிப் பார்த்தபோது மூன்றில் எதுவும் நிற்கவில்லை.

18 என்று எழுதியிருந்தோம் என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு யூடியூபரைச் சென்னைக் காவல்துறையினர் தருமபுரியில் கைது செய்தார்கள். இங்குள்ள தமிழ்ப் பத்திரிகை வாசகர்களுக்கும் அந்தச் செய்தி நினைவிருக்கும். பப்ஜி விளையாட்டை இந்தியா 2020 செப்டம்பரில் தடை செய்த பிறகும் அதை விளையாடியபடி நேரலையில் பேசிக்கொண்டிருந்தவர் அவர். பெண்களை ஆபாசமாகத் திட்டினார் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. அவரை விரும்பிப் பார்த்தவர்களில் ஏராளமானோர் பள்ளி மாணவர்கள். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அவர் நடத்திய சேனல்களில் ஒன்றின் பெயரிலேயே ‘18+’ என்பது இருந்தது. பலகையில் எழுதி வாசலில் மாட்டியாகிவிட்டது, உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் மாணவர்கள். உள்ளே இருப்பவர் யார் என்று தெரிந்த பிறகும் பலகையைக் காட்டித் தப்பித்துக்கொள்ள முடியுமா?

அதற்கு முன்பே உலகம் முழுவதும் பேசப்பட்ட சம்பவம் ஒன்று இருக்கிறது. லோகன் பால் என்ற அமெரிக்கர், ஆறு வினாடி நகைச்சுவைத் துணுக்குகளில் பெயர் வாங்கி, பிறகு யூடியூபுக்கு வந்து 15 மில்லியன் சந்தாதாரர்களைச் சேர்த்தவர். அவரைப் பின்தொடர்ந்தவர்களில் பெரும்பகுதியினர் சிறுவர்களும் பதின்ம வயதினரும். 2017 டிசம்பர் 31ஆம் தேதி, ஜப்பானில் ஃபூஜி மலையடிவாரத்தில் உள்ள அயோகிகஹாரா காட்டில், தற்கொலை செய்துகொண்ட ஒருவரின் உடலைக் காட்டும் காணொளியை அவர் வெளியிட்டார். முகத்தை மறைத்திருந்தார். தொடக்கத்தில் எச்சரிக்கை சொன்னார். அந்தக் காணொளிக்கு விளம்பர வருமானம் வேண்டாம் என்றும் விட்டுவிட்டார். விதிமுறைப் புத்தகத்தைப் பார்த்தால் நாங்கள் செய்ததைவிட அவர் அதிகமாகவே செய்திருக்கிறார். ஆனாலும் அவரே அதை நீக்குவதற்குள் ஆறு மில்லியன் தடவைக்கும் மேல் அது பார்க்கப்பட்டுவிட்டது. நேற்றுவரை கோமாளித்தனம் காட்டிய அண்ணன் இன்று என்ன காட்டப்போகிறார் என்று புத்தாண்டு விடுமுறையில் காத்திருந்த பிள்ளைகள், அந்த எச்சரிக்கையைக் கேட்டதும் எழுந்து போய்விடுவார்களா? ஐந்து ஆண்டுகளாக விளையாட்டுக் காட்டிச் சேர்த்த கூட்டத்துக்கு, ஐந்து வினாடி எச்சரிக்கை எந்த மூலைக்கு?

என்னைப் பொறுத்தவரை விஷயத்தின் மையம் இதுதான். ஒருவர் தொடக்கத்திலிருந்தே பெரியவர்களுக்கென்று, பெரியவர்கள் மட்டும் விரும்பும் பொருளைப் பேசிக்கொண்டிருந்தால் அவரது பொறுப்பு ஒரு அளவு. பிள்ளைகளைச் சிரிக்க வைத்து, பிள்ளைகளின் பார்வையால் வளர்ந்து, பிறகு ஒரு நாள் திடீரென்று காரம் சேர்ப்பவரின் பொறுப்பு பல மடங்கு. நாங்கள் இரண்டாவது ரகம்.

அடுத்த வாதம், “எங்களுக்கு எப்படித் தெரியும், யார் பார்க்கிறார்கள் என்று?” இதைத்தான் அக்காள் மகன் கணினியைத் திறந்து எனக்குக் காட்டினான். பார்வையாளர்களின் வயதையும் பாலினத்தையும் அந்தத் தளம் சேனல் நடத்துபவர்களுக்கு அட்டவணையாகக் கொடுக்கிறது. “பாருங்க மாமா, சின்னப் பசங்களே இல்லை” என்றான். உண்மைதான், இல்லை. ஏன் இல்லை? அந்த அட்டவணை 13 வயதில்தான் தொடங்குகிறது. 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் சொந்தமாகக் கணக்கு வைத்துக்கொள்ள அந்தத் தளத்தில் அனுமதி இல்லாததால், அவர்களுக்கென்று கட்டமே கிடையாது. ஆனால் எங்கள் அட்டவணையில் 35 முதல் 44 வயதுப் பெண்கள் கூட்டம் கூட்டமாக இருந்தார்கள். அதுவும் எந்தக் காணொளிக்கு? பள்ளிப் பேருந்தில் இரண்டு பையன்கள் சண்டை போடும் நகைச்சுவைக்கு! பிற்பகல் மூன்று மணிக்கு, அலுவலகத்தில் இருக்க வேண்டிய அம்மாக்கள் எல்லாம் பள்ளிப் பேருந்துச் சண்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம்.

நேயர்களே, கைத்தொலைபேசி அம்மாவுடையது, கண் பிள்ளையுடையது. சோறு ஊட்டும்போது கொடுத்த பழைய கைத்தொலைபேசியில் அம்மாவின் கணக்கு அப்படியே கிடக்கிறது. பாட்டி வீட்டுத் தொலைக்காட்சியில் தாத்தாவின் கணக்கு. அட்டவணைக்கு அது தெரியாது. ஆனால் சேனல் நடத்துபவருக்குத் தெரியும். ஜூன் மாதப் பள்ளி விடுமுறையிலும் ஆண்டிறுதி விடுமுறையிலும் பார்வை எண்ணிக்கை ஏறுவது அவருக்குத் தெரியும். ‘அண்ணா என் பிறந்தநாளுக்கு வாழ்த்து சொல்லுங்க, எனக்கு 9 வயசு’ என்று வரும் கருத்தை அவரே படித்து இதயம் போட்டிருப்பார். எங்கள் பையன்களும் போட்டிருந்தார்கள். நான் அன்று உட்கார்ந்து பழைய கருத்துகளைக் கீழே கீழே தள்ளிப் படித்தேன். எழுத்துப்பிழையை வைத்தே எந்த வகுப்புப் பிள்ளை என்று சொல்லிவிடக்கூடிய தொழில் எனக்கு. தொடக்கநிலை 3, தொடக்கநிலை 5 என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டே போனேன். பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

‘குழந்தைகளுக்காகத் தயாரிக்கவில்லை’ என்ற வாதத்துக்குப் பின்னால் கொஞ்சம் வரலாறு இருக்கிறது. 13 என்ற வயது எங்கிருந்து வந்தது என்று பல பெற்றோர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் சொந்த விவரங்களைப் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் இணையத்தில் திரட்டக்கூடாது என்றது. எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக்கூடாது என்பதை அந்தச் சட்டம் பேசவில்லை. விவரம் திரட்டுவதைப் பற்றித்தான் பேசியது. அந்தச் சட்டத்தை மீறியதாக யூடியூப் மீதும் அதன் உரிமையாளரான கூகல் மீதும் வந்த வழக்கு, 2019 செப்டம்பரில் 170 மில்லியன் அமெரிக்க வெள்ளி செலுத்த ஒப்புக்கொண்டதில் முடிந்தது. அதன் விளைவாக, 2020 ஜனவரியிலிருந்து காணொளி ஏற்றும் ஒவ்வொருவரும் ‘இது குழந்தைகளுக்காகத் தயாரிக்கப்பட்டதா, இல்லையா’ என்று குறிக்க வேண்டியதாயிற்று.

ஆம் என்று குறித்தால் பார்வையாளருக்கேற்ற விளம்பரம் கிடையாது, கருத்துப் பகுதி கிடையாது, வருமானம் குறையும். 18 வயதுக் கட்டுப்பாடு என்று குறித்தாலும் வருமானம் குறையும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய மைதானம் இருக்கிறது. அங்கேதான் எல்லாரும் நிற்கிறோம். ‘குழந்தைகளுக்காகத் தயாரிக்கப்பட்டது அல்ல’ என்று குறித்துவிட்டு, குழந்தைகள் பார்க்கவில்லை என்று நாமே நம்பிக்கொள்கிறோம். முதலாவது, விவரம் திரட்டும் சட்டத்துக்காக நாம் கொடுக்கும் பதில். இரண்டாவது, நம் மனசாட்சி கேட்கும் கேள்வி. ஒன்றுக்கான பதிலை மற்றொன்றுக்கு எழுதினால் என் வகுப்பில் மதிப்பெண் கிடையாது.

திரையரங்கில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். சிங்கப்பூரில் 1991ஆம் ஆண்டிலிருந்து திரைப்படங்களுக்கு வயதுத் தரம் பிரிக்கும் முறை இருக்கிறது. இன்று ஆறு பிரிவுகள். என்சி16, எம்18, ஆர்21 தரம் பெற்ற படத்துக்கு 15 வயதுப் பையன் போனால் அடையாள அட்டை கேட்பார்கள். இதோ நாம் உட்கார்ந்திருக்கும் இந்தத் தொலைக்காட்சி நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிஜி13 தரம் பெற்ற நிகழ்ச்சியை இரவு 10 மணிக்கு மேல்தான் ஒளிபரப்பலாம். நடிகர் ஒருவர் ஒரு சொல்லைச் சொல்லலாமா கூடாதா என்று இங்கே ஐந்து பேர் உட்கார்ந்து பேசுவார்கள், எனக்கு அந்த அனுபவம் உண்டு. அப்போதெல்லாம் எரிச்சலாக இருக்கும். வரவேற்பறையில் படம் பிடிக்கும்போது அந்த ஐந்து பேரும் இல்லை. எழுதுபவன், நடிப்பவன், தணிக்கை செய்பவன், வாசலில் நிற்பவன் எல்லாம் ஒரே ஆள். சுதந்திரம் வேண்டும் என்றுதான் அங்கே போனோம். வாசலில் நிற்கும் வேலையும் சேர்ந்து வந்ததை யாரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிங்கப்பூரில் இணையப் பாதுகாப்புக்கான சட்டத் திருத்தம் 2023 பிப்ரவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதே ஆண்டு ஜூலையில் பெரிய சமூக ஊடகத் தளங்களுக்கான நடைமுறை விதிகள் வந்தன. மலேசியாவின் இணையப் பாதுகாப்புச் சட்டம் 2026 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. இவை பெரும்பாலும் தளங்களின் கடமைகளைப் பற்றிப் பேசுபவை. உட்லண்ட்ஸ் வரவேற்பறையைப் பற்றி அல்ல. ஆஸ்திரேலியா இன்னும் ஒருபடி மேலே போய், 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதையே 2025 டிசம்பர் 10ஆம் தேதியிலிருந்து தடுத்திருக்கிறது. யூடியூபும் அதில் அடக்கம். ஆனால் கணக்கு இல்லாமலேயே அதில் காணொளி பார்க்க முடியும். வயதுக் கட்டுப்பாடு உள்ள காணொளி மட்டும்தான் அப்படிப் பார்ப்பவருக்குத் திறக்காது. ஆகவே, கணக்கே இல்லாத ஒரு பிள்ளைக்கும் என் பழக்கூடை வசனத்துக்கும் இடையில் ஒரு தடுப்பு இருக்க வேண்டுமானால், அதை முதலில் வைக்கக்கூடியவன் அந்தக் காணொளியை ஏற்றியவன்தான். தளத்தின் இயந்திரமும் சிலவற்றைக் கண்டுபிடித்து மூடும். ஆனால் தமிழில் இரட்டை அர்த்தம் இயந்திரத்துக்கு எவ்வளவு புரியும்? என் வகுப்புப் பையனுக்கே புரியவில்லையே.

இத்தனைக்குப் பிறகும் அந்தத் தடுப்பு முழுமையானது அல்ல. இதை நாங்கள் அனுபவத்தில்தான் கற்றுக்கொண்டோம். வயதுக் குறி ஒட்டியிருப்பது காணொளியோடு. அதிலிருந்து வெட்டியெடுத்த 20 வினாடித் துண்டோடு அது ஒட்டியிருக்காது. யாரோ ஒருவர் திரையைப் பதிவு செய்து, வாட்ஸ்அப்பில் போட்டு, அங்கிருந்து டிக்டாக் போய், அங்கே வசனத்தின் குரல் மட்டும் தனியாகப் பிரிந்து, அதற்கு வேறு யாரோ வாயசைத்து நடித்து, கடைசியில் குடும்பக் குழுவில் பெரியம்மா சிரிப்புப் பொம்மையோடு அனுப்பி வைக்கிறார். எங்கள் காணொளிக்கு அதுதான் நடந்தது. அதனால் எழுதுகிறவனுக்கு ஒரு கேள்வி கூடுதலாக வருகிறது. இந்த வசனம் முன்பின் இல்லாமல், எச்சரிக்கை இல்லாமல், தனியாகப் போய் நின்றால் என்னவாகும்? மேடைக்கு எழுதிய காலத்தில் எனக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. வசனம் மண்டபத்தோடு முடிந்துவிடும். இப்போது அது நடந்து போகிறது.

இப்படிப் பேசிக்கொண்டே போனால், “அப்படியானால் எல்லாவற்றையும் பால்வாடிப் பாட்டாகவே எழுத வேண்டுமா?” என்று இளையர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். பெரியவர்களுக்கான விஷயம் என்றால் ஆபாசம் என்று மட்டும் நாம் பொருள் கொள்கிறோம், அது பெரிய தவறு. குடித்துவிட்டு வந்து அடிக்கும் அப்பா, மனச்சோர்வு, கடன், உறவினரே பிள்ளையிடம் தவறாக நடந்துகொள்வது, விவாகரத்து. இவையும் பெரியவர்களுக்கான விஷயங்கள்தான். ஆனால் இவை பிள்ளைகள் வாழும் வீட்டுக்குள்ளேயே நடக்கின்றன. 14 வயதுப் பெண் ஒருத்திக்கு, தன் வீட்டில் நடப்பது தவறு என்று சொல்ல ஒரு குரல் தமிழில் கிடைப்பது அவளுக்கு எவ்வளவு பெரிய துணை! நம் நாடகங்கள் இதையெல்லாம் பேசவே தயங்கிய காலம் எனக்குத் தெரியும். அக்கம்பக்கத்தில் தெரிந்துவிடும் என்று மூடி மூடி வைத்ததால் யாருக்கும் நன்மை விளையவில்லை. பழக்கூடை வசனத்துக்கும் இதற்கும் ஒரே பூட்டைப் போட்டால், வேண்டியவளுக்கும் கதவு மூடிவிடும்.

அதனால் வயதுக் குறி போடுவதா, வேண்டாமா என்பதோடு யோசனை முடிவதில்லை. எப்படிக் காட்டுகிறோம் என்பதும் இருக்கிறது. குடும்ப வன்முறையைப் பற்றி ஒரு காணொளி எழுதினேன். அடிப்பதைக் காட்டவில்லை. பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் எழுதும் பையன், தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறான், அவ்வளவுதான். அதற்கு வயதுக் கட்டுப்பாடு போடவில்லை. ஆனால் முடிவில் தொடர்பு எண்களை நிறுத்தி நிதானமாகக் காட்டினோம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பேசுவதற்கென்றே சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கம் நடத்தும் ‘டிங்கிள் ஃபிரெண்ட்’ சேவையின் எண் 1800-2744-788. மனம் உடைந்து தவிப்பவர்களுக்காக ‘சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர்’ அமைப்பின் எண் 1767. மலேசியாவில் பார்ப்பவர்களுக்கு ‘தாலியான் காசே’ எண் 15999. நேயர்களும் குறித்துக்கொள்ளுங்கள், திரையின் கீழே வரும். இந்த எண்களைப் போட்டதால் காணொளியின் அழகு கெட்டுவிட்டது என்று ஒரு நண்பர் சொன்னார். கெட்டுவிட்டுப் போகட்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பையனின் அப்பா மீது எனக்குக் கோபம் இல்லை. பிள்ளையின் ஆசிரியர் பெயர் திரையில் வந்ததைப் பார்த்து மகிழ்ந்து காட்டியிருக்கிறார். பழக்கப்பட்ட சேனல், பழக்கப்பட்ட முகங்கள், வீட்டோடு உட்கார்ந்து பார்த்துச் சிரித்தவை. அவர் நம்பினார். அந்த நம்பிக்கையை உண்டாக்கியது நாங்கள். ‘பெற்றோர்தான் கண்காணிக்க வேண்டும்’ என்று நாங்கள் சொன்னால், எங்களைக் கண்காணிக்கத் தேவையில்லை என்று அவரை நினைக்க வைத்ததும் நாங்கள்தானே.

பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்பீர்கள். அந்தத் திங்கட்கிழமை இரவே அக்காள் மகனோடு உட்கார்ந்து பேசினேன். பேச்சு இரவு இரண்டு மணிவரை போனது. “மாமா, நீங்கதானே எழுதினீங்க” என்று அவன் ஒரு தடவை சொன்னான். நியாயமான பேச்சு. காணொளியை நீக்கிவிடலாமா என்று யோசித்தோம். நீக்கவில்லை, வயதுக் கட்டுப்பாடு போட்டோம். பார்வை எண்ணிக்கை பத்தில் ஒன்றாகச் சரிந்தது. அந்த மாத வருமானத்தில் வாங்குவதாக இருந்த ஒலிவாங்கியை வாங்க முடியவில்லை, பழையதையே வைத்துக்கொண்டு சமாளித்தார்கள். அதற்குப் பிறகு பெரியவர்களுக்கான கதை எழுதினால் தொடக்கத்திலேயே கட்டுப்பாட்டோடுதான் ஏற்றுகிறோம். அதிலிருந்து நாங்களே குறுங்காணொளி வெட்டிப் போடுவதில்லை. முகப்புப் படத்தில் பிள்ளைகளுக்குப் பழக்கமான அந்தக் கோமாளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு யாரும் நிற்பதில்லை. இதெல்லாம் பெரிய தியாகம் என்று சொல்ல வரவில்லை. நான்கு பேரும் வேறு வேலையில் இருப்பவர்கள். இதையே பிழைப்பாக வைத்திருக்கும் இளையருக்கு அந்தப் பத்தில் ஒன்று என்பது வீட்டு வாடகை. அவர்களிடம் இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் நாக்கு தடுமாறத்தான் செய்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

அந்தச் சிறுமியின் அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். நடந்ததைச் சொன்னேன், வசனம் என்னுடையது என்பதையும் சொன்னேன். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “சார், அந்த வீடியோ எங்க குடும்பக் குழுவுக்கும் வந்துச்சு. நானும் சிரிச்சிட்டு எங்க அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். அதை என் பொண்ணுகிட்ட சொல்வாங்கன்னு நினைக்கல” என்றார். நானும் நினைக்கவில்லை என்றேன். அடுத்த சனிக்கிழமை அவள் வகுப்புக்கு வந்தாள், ஆனால் வேறு வரிசையில் போய் உட்கார்ந்தாள். பையனை மன்னிப்புக் கேட்கச் சொன்னேன், கேட்டான். எதற்காகக் கேட்கிறோம் என்பது அவனுக்கு அன்றைக்கும் சரியாகத் தெரிந்திருக்காது. இருவரும் இப்போது உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டார்கள். அவனுக்கு அந்த வசனத்தின் அர்த்தம் இந்நேரம் புரிந்திருக்கும். எழுதியவர் யார் என்பதும் நினைவிருக்கும்.